மூன்று இருபதுக்குத் திரும்பும் ஊர்

செங்கோட்டு மாமா தன் கடைசி லாரியையும் விற்று, பங்குச் சந்தையில் தானே வாங்கித் தானே விற்கும் பாட் என்கிற கம்ப்யூட்டர் புரோகிராம் ஒன்றை மாத வாடகைக்குப் பிடித்து, அதற்கு மாரியம்மன் கோயிலில் பூசையும் போட்ட மறுநாள், எங்கள் கோணக்கரட்டில் காலை ஒன்பதே காலுக்கு மேல் கைமாறிய பொருள் அத்தனையும் மத்தியானம் மூன்று இருபதுக்குக் கிளம்பிப் பழைய கைக்கே திரும்பிப் போயின. மளிகைக் கடையிலிருந்து வந்த துவரம்பருப்பு மளிகைக் கடைக்குப் போனது, கொடுத்த பணம் சட்டைப்பைக்கு வந்தது, காலையில் மாட்டிய டயர் கழன்று உருண்டு கடை வாசலில் போய்ச் சாய்ந்துகொண்டது, சலூனில் வெட்டிய முடி எழுந்து அவரவர் தலையைத் தேடிப் போய் நட்டுக்கொண்டது, அதில் ஒன்றிரண்டு தலை மாறிவிட்டதென்று இன்னமும் ஒரு தகராறு ஓடிக்கொண்டிருக்கிறது. ஓட்டலில் தின்ற இட்லி தின்றவன் வயிற்றைவிட்டு இட்லிச் சட்டிக்கே திரும்பி, ஆவி பறக்கப் பூப்போல உட்கார்ந்திருந்தது. அதை இரண்டாம் தடவை தின்ன மட்டும் யாருக்கும் மனசு வரவில்லை.

எங்கள் ஊர் லாரி ஊர். போனது திரும்பி வருவதில் எங்களுக்கு ஆச்சரியம் ஒன்றும் கிடையாது, காலியாக வராமல் ரிட்டன் லோடோடு வந்தால் சரி. ஆகவே முதல் நாள் டீக்கடையில் நடந்த பேச்செல்லாம் ஏன் திரும்பியது என்பதைப் பற்றி இல்லை, ஏன் சரியாக மூன்று இருபதுக்கு என்பதைப் பற்றித்தான். செங்கோட்டு மாமா, அவர் என் அம்மாவின் தம்பி, கூட்டத்தின் நடுவே நின்று பொறுமையாக விளக்கினார்: பாட் என்பது அன்றாடம் வாங்கியதை அன்றாடமே விற்றுத் தீர்த்துவிடும், ராத்திரிக்கு எதையும் கையில் வைத்துக்கொள்ளாது, ராத்திரியில் அமெரிக்காவில் எவன் எதைக் கொளுத்துவானோ யாருக்குத் தெரியும், அதனால் சந்தை மூடுவதற்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே கணக்கை நேர் பண்ணிக் கையை உதறிவிடும். அது சரி மாப்ளே, அது உன் கணக்கைத்தானே நேர் பண்ணோணும், எங்க டயரை எதுக்கு உருட்டுது என்று யாரோ கேட்டபோதுதான் பூசையின் ஞாபகம் எல்லாருக்கும் வந்தது.

புது லாரிக்குப் போடுகிற பூசைதான் மாமாவுக்குத் தெரிந்த ஒரே பூசை. லேப்டாப்புக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, பூசணிக்காய் சுற்றி உடைத்து, சக்கரத்துக்கு அடியில் வைக்கிற எலுமிச்சம்பழத்தை, சக்கரம் இல்லாத குறைக்கு மவுசுக்கு அடியில் வைத்து மாமா உள்ளங்கையால் நசுக்கினார். பூசாரி சடையப்பன் தட்டோடு வந்து பேரு, நட்சத்திரம் சொல்லுங் என்று மூக்கால் கேட்டார் (மூக்கை எழுத்தில் கொண்டுவர முடியாதது எனக்குப் பெரிய வருத்தம்). மாமா தன் பெயருக்கு அர்ச்சனை பண்ணி எடுத்த லாரிகளில் ஒன்று நாக்பூர் ரோட்டில் கவிழ்ந்தது, ஒன்று எரிந்தது, ஒன்றை பைனான்ஸ்காரன் ஓட்டிக்கொண்டு போனான். ஆகவே அவர், எம்பேரு வேண்டாமுங், ராசியில்ல, ஊர் பேருக்கே பண்ணிருங் என்றார். பூசாரியும் கோணக்கரடு என்று பெயர் சொல்லி, ஊருக்கு நட்சத்திரம் தெரியாததால் வாய்க்கு வந்த அவிட்டத்தைப் போட்டுக் கற்பூரம் காட்டினார். அந்தக் கணத்தில் பாட் ஊரைத் தன் கணக்கில் எடுத்துக்கொண்டது.

பூசாரியிடம் கேட்டார்கள். அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, “ஊர் பேருக்குப் பண்ணுனது ஊரைப் புடிச்சுக்கிச்சு. உம்பேருக்கு மறுக்கா ஒண்ணு பண்ணிட்டா ஊரை உட்டுரும். லாபமோ நட்டமோ அப்பறம் உன்னோட போயிரும், அவ்வளவுதான்” என்றார். மாமா தலையை ஆட்டினார். இந்த வாரம் விட்ட காசு வரட்டும், வந்ததும் பண்ணிவிடலாம் என்றார். அடுத்த வாரமும் அதையே சொன்னார். லாபம் வந்த வாரத்தில், லாபம் வருகிற நேரத்தில் யாராவது நிறுத்துவார்களா என்றார்.

ஊரும் நெருக்கவில்லை. அதற்குக் காரணம், திரும்பிப் போனது பொருள் மட்டுமில்லை என்பது இரண்டாம் நாளே தெரிந்துவிட்டதுதான். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் காலையில் எனக்குக் கொடுத்த அறை மூன்று இருபதுக்கு அவர் கன்னத்துக்கே போய்ச் சேர்ந்தது, அந்தச் சத்தத்தை நான் இன்றைக்கும் வாயால் செய்து காட்டுவேன். கொடுத்த சாபம் திரும்பியது, கொடுத்த வாக்குத் திரும்பியது. காலையில் பெண் தருகிறேன் என்றவர் மாலையில் எந்தப் பெண் என்றார், அதில் யாருக்கும் கோபமில்லை. பத்து மணிக்குக் கேட்ட மன்னிப்பு மூன்று இருபதுக்கு வாபசானது, ஆனால் பத்தரைக்குத் திட்டிய திட்டும் கூடவே வாபசானதால் கணக்கு நேராகிவிட்டது. எதுவும் ராத்திரிக்கு நிற்காத ஊரில் முதலில் எல்லாருக்கும் தூக்கம் நன்றாக வந்தது.

நிற்க வேண்டியதை மட்டும் ஒன்பதே காலுக்கு முன்னாலோ சாயங்காலமோ வைத்துக்கொண்டார்கள். பத்திரப் பதிவும் நிச்சயதார்த்தமும் சந்தை லீவு நாளுக்குப் போயின. பம்பாய்ச் சந்தையின் லீவுப் பட்டியலை டீக்கடைக்காரர் முருகன் படத்துக்குக் கீழே ஒட்டிவைக்க, ஊர் அதைப் பார்த்துப் பார்த்துப் புதுப் புதுப் பண்டிகைகளைக் கண்டுபிடித்தது. மகாராஷ்டிர தினத்தை மகாராஷ்டிரத்தில்கூட அப்படிக் கொண்டாடியிருக்க மாட்டார்கள், பட்டாசென்ன, கறிச்சோறென்ன, எங்கள் ஊரில் அன்றைக்குத்தான் ஏழு கல்யாணம்.

பகலிலும் நிற்க ஒரு வழி இருக்கிறதென்று கண்டுபிடித்தது நான்தான். செங்கோட்டு மாமா வீட்டுக்கு எதிரே பழைய டயருக்குப் புது ரப்பர் ஒட்டும் பட்டறை ஒன்று உண்டு. அதை நடத்துகிற சுலோச்சனா பெரியம்மாவுக்கு மூன்று ஆண்பிள்ளைகள், மூன்று பேரும் வடக்கே லாரியோடு போய் அங்கேயே வீடு பிடித்துவிட்டார்கள். மேஜைமேல் அவள் வைத்திருந்த பித்தளை மணிமேல் எனக்கு ரொம்ப நாளாகக் கண். ஒருநாள் பதினொரு மணிக்குக் கதவோரம் ஒளிந்துகொண்டு, ராய்ப்பூரில் இருக்கிற அவளுடைய கடைசி மகன் குரலில், அம்மோ, சாப்புட்டயா என்றேன். பெரியம்மா போனை எங்கே வைத்தோமென்று தேடிக்கொண்டு உள்ளே ஓடினாள், நான் மணியை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவள் உள்ளேயிருந்து கண்ணு, கண்ணு என்று போனைப் பார்த்து ரொம்ப நேரம் கூப்பிட்டுக்கொண்டிருந்தது மதில்வரைக்கும் கேட்டது. மூன்று இருபதுக்கு ஊரே வழக்கம்போல் இடம் மாறியது, மணி மட்டும் என் பைக்குள்ளேயே கிடந்தது.

கொடுத்து வாங்கியதுதான் திரும்பும், திருடியது நிற்கும். இது தெரிந்த மாத்திரத்தில் கோணக்கரடு மொத்தமும், மரியாதையாக, முறையாக, ஒருவருக்கொருவர் திருட ஆரம்பித்தது. கடைக்காரர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு எங்கண்ணுல பூ விழுந்துருச்சு என்று சொல்வார், வந்தவர் வேண்டியதை எடை போட்டுத் திருடிக்கொள்வார், சாயங்காலம் நாலு மணிக்கு மேல் அதே கடை வாசலில் சரியான சில்லறையைத் தவறவிட்டுப் போவார். கடைக்காரர் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டாலும் போச்சு, பார்க்கும்போது எடுத்தால் அது கொடுத்ததாகிவிடும், மூன்று இருபதுக்குப் பை காலியாகும். புதிதாக வந்த இன்ஸ்பெக்டர் முதல் வாரம் கேஸ் எழுதினார், இரண்டாம் வாரம் அவரே தக்காளி திருடினார். ஊரில் பாதிப் பேருக்குக் கழுத்துச் சுளுக்கு. போகப் போகத் திருட்டு நடக்காத இடத்திலும் முகம் தானாகத் திரும்ப ஆரம்பித்தது. ரோட்டில் ஒருத்தர் வண்டியோடு விழுந்தால் ஊர் முதலில் திரும்பிக்கொண்டது, பிறகுதான் தூக்கியது.

இப்படி இருக்கும்போதுதான் வசுமதி அத்தைக்குப் பிள்ளை பிறந்தது. அத்தை செங்கோட்டு மாமாவின் சம்சாரம். முன்னால் இரண்டு பிள்ளைகள் பிறந்து, இரண்டும் இன்னதென்று பேர் சொல்ல முடியாத ஒரு காய்ச்சலில், மாசம் திரும்பும் முன்னாலேயே போய்விட்டன. மூன்றாவது பெண். சனிக்கிழமை பிறந்தாள், சந்தை லீவில் வந்தவள், யாரும் திருப்பிக் கேட்க முடியாது என்று அம்மா சொல்லிச் சொல்லி மகிழ்ந்தாள். அத்தை மனசுக்குள் ஒரு பெயர் வைத்திருந்தாள், அதை யாரிடமும் சொல்லவில்லை. பாப்பாவின் அழுகை அழுகை மாதிரியே இருக்காது, விக்கலுக்கும் பூனைக்குட்டிக்கும் நடுவே, முடிகிற இடத்தில் மேலே போய்க் கேள்வி கேட்கிற மாதிரி நிற்கும். நான் இரண்டே நாளில் அதைப் பிடித்துவிட்டேன். சமையல்கட்டில் இருக்கிற அத்தையைப் பாப்பா தூங்கும்போது தொட்டிலுக்கு ஓடவைப்பேன், ஓடிவந்தவள் என்னைப் பார்த்துக் கரண்டியை ஓங்குவாள், இரு ரேடியோ, ஒருநாள் உன் வாயைத் தைக்கிறேன் என்பாள். ரேடியோ என்பது அவர்கள் வீட்டில் எனக்குப் பெயர்.

இருபதாம் நாளோ என்னவோ, காய்ச்சல் வந்துவிட்டது. சேலத்துப் பெரிய டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்து, சாயங்கால நேரமாகப் பார்த்து ஊசியும் போட்டு, தனக்கு ஒன்றும் பிடிபடவில்லை என்று நேர்மையாகச் சொல்லி அனுப்பினார். திங்கட்கிழமை பன்னிரண்டு மணிக்குப் பாப்பாவின் கண் மேலே போய்ச் சொருகியது. தெருப் பெண்கள் எல்லாரும் ஒரே குரலில் தவிட்டுக்குக் கொடுத்துரு வசு என்றார்கள்.

பிள்ளை தங்காத வீட்டில் அது எங்கள் பக்கத்து வழக்கம். பிள்ளை பெற்று வளர்த்த ஒருத்திக்கு, ஒரு முறம் தவிட்டுக்குக் குழந்தையை விற்றுவிடுவது. அதற்கப்புறம் பெற்றவளே வளர்க்கலாம், ஆனால் ஊரான் பிள்ளையை வளர்ப்பதாகச் சொல்லித்தான் வளர்க்க வேண்டும். தேடி வருகிற எமன் இது இந்த வீட்டுப் பிள்ளை இல்லை என்று போய்விடுவான். மூன்றும் தங்கிய கை என்பதால் சுலோச்சனா பெரியம்மாதான் வாங்க வந்தாள். வாசற்படிக்கு அந்தப்பக்கம் நின்று முறத்தை நீட்டினாள், இந்தப்பக்கமிருந்து அத்தை பாப்பாவை நீட்டினாள், தவிடு இந்தக் கையிலும் பிள்ளை அந்தக் கையிலுமாக மாறிய அந்த நிமிஷமே பாப்பாவுக்கு வேர்த்து, காய்ச்சல் விட்டு, கண் இறங்கி, பெரியம்மாவின் சேலைத் தலைப்பைச் சப்ப ஆரம்பித்துவிட்டாள். எல்லாரும் சிரித்தோம். அத்தைதான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

மாமா உள்ளறையில் லேப்டாப்புக்கு முன்னால் இருந்தார். மறுநாள் ஓட்டு எண்ணிக்கை. அதற்கு முந்தின நாளே சந்தை ஜுரம் வந்தது மாதிரி தூக்கித் தூக்கிப் போட, பாட் கண் இமைக்கிற நேரத்துக்குள் வாங்கி, கண் திறக்கிற நேரத்துக்குள் விற்றுக்கொண்டிருந்தது. பச்சையும் சிவப்பும் மாமாவின் முகத்தில் மாறி மாறி அடித்தன. அத்தை வாசலில் நின்று, “ஏனுங், ஒரு எட்டு கோயலுக்குப் போயி உங்க பேருக்கு அர்ச்சனையைப் பண்ணிட்டு வந்துருங். வித்தது வித்ததாவே நிக்கட்டும்” என்றாள்.

“நாளைக்கு எண்றாங்க வசு. இப்பப் போயி உருவுனா அத்தனையும் போயிரும். மூணு இருபது வரைக்கும் பொறு.”

“மூணு இருபதுக்குத்தான் அவளும் திரும்பிருவாளே.”

மாமா திரும்பவில்லை. அது பிடிவாதமா, பயமா, இல்லை ஊரோடு சேர்ந்து அவருக்கும் வந்துவிட்ட கழுத்துப் பழக்கமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நாங்களும் யாரும் அவரைத் தோளைப் பிடித்து எழுப்பவில்லை. தெருப் பெண்கள் ஒருத்தி ஒட்டடையைப் பார்த்தாள், ஒருத்தி காலண்டரைப் பார்த்தாள், நான் என் கால்விரலைப் பார்த்தேன்.

மூன்று இருபதுக்கு முறத்திலிருந்த தவிடு ஒரு பொட்டுச் சிந்தாமல் எழுந்து தெருவைத் தாண்டிப் பட்டறை வீட்டுக்குப் போனது. எதிரே பாப்பா வந்தாள். இரண்டும் நடுத்தெருவில் ஒன்றையொன்று விலகிக் கடந்தன, எதிரும் புதிருமாக வருகிற லாரிகள் ஹாரன் அடிக்காமல் ஒதுங்கிப் போகிற மாதிரி. பாப்பா அத்தையின் மடியில் வந்து இறங்கியபோது விட்டுப் போன காய்ச்சல் மொத்தமும் அவளுக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது. நாலு மணிக்கு மறுபடி விற்றார்கள், தவிடு மாறியது, பிள்ளை மாறியது, காய்ச்சல் மாறவில்லை. ஒரு தடவை விற்றது பொய்யென்று பார்த்துவிட்ட எமன் மறு தடவை முறத்தை ஏறிட்டுப் பார்ப்பானா என்றார் பூசாரி. அப்புறம் அவராகவே, கொடுத்தாத்தானே பொய், திருட்டுப் போனதுல என்ன பொய் இருக்குது என்று சொல்லிவிட்டு, சொன்னதற்குப் பயந்தவர்போல எழுந்து போய்விட்டார்.

ஆக, செவ்வாய்க்கிழமை காலை, டி.வி.யில் முன்னிலை, பின்னடைவு, முன்னிலை என்று ஒருத்தன் மூச்சுவிடாமல் கத்திக்கொண்டிருக்க, தெருவில் இரண்டு கட்சிக்காரர்களும் மாறி மாறி அவசரப்பட்டு வெடி வெடிக்க, உள்ளறையில் மாமா சிவப்பில் குளித்துக்கொண்டிருக்க, அத்தை பாப்பாவைத் தொட்டிலில் போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். சுலோச்சனா பெரியம்மா கொல்லைப்பக்கமாகச் செருப்பில்லாமல் வந்தாள். கை தொட்டிலுக்குள் போனதும் பாப்பா அனத்தினாள், அத்தை திரும்பிவிட்டாள். பெரியம்மா பின்வாங்கிப் போய் மறுபடி வந்தாள், பாப்பா விக்கினாள், அத்தை மறுபடி திரும்பிவிட்டாள். ஊரே கற்றுக்கொண்ட வித்தை அவளுக்கு மட்டும் வரவில்லை. சேலைத் தலைப்பால் கண்ணைக் கட்டிப் பார்த்தாள், கட்டை அவள் கையே அவிழ்த்தது. “எனக்குத் திரும்பாம இருக்க முடியிலீங் அக்கா” என்றாள். பாப்பாவின் உதடு நீலம் பாய ஆரம்பித்திருந்தது.

பெரியம்மா என்னைப் பார்த்தாள். மணி போன நாளிலிருந்து அவள் என்னோடு பேசியதே இல்லை, அப்போது என் வாயையும் தொட்டிலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

நான் தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தேன். விக்கலும் பூனைக்குட்டியும், முடிகிற இடத்தில் மேலே போகிற அந்தக் கேள்வியும். பிள்ளை தொட்டிலிலேயேதான் கிடக்கிறது, இன்னும் எடுக்கவில்லை, அனத்துகிறது, அனத்தட்டும், எடுக்கும்போதுதானே திரும்பக்கூடாது என்று அத்தையின் முதுகு தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொள்வது எனக்குத் தெரிந்தது, தோள் கொஞ்சம் தளர்ந்தது. நான் அழுதுகொண்டே இருக்க, பெரியம்மா நிஜப் பாப்பாவை மார்போடு அமுக்கிக்கொண்டு கொல்லை வழியாக, சந்து வழியாக, ரோட்டைக் கடந்து போனாள். தெருவில் அத்தனை பேர் நின்றார்கள், அத்தனை பேரும் அவரவர் பக்கத்துச் சுவரைப் பார்த்தார்கள், ஒரு பிள்ளை திருட்டுப் போவதை ஒருத்தரும் பார்க்கவில்லை. நான் தொண்டை வறண்டு, குரல் உடைந்து, இனி வராது என்கிற வரைக்கும் அழுதுவிட்டு நிறுத்தினேன். அத்தை சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்:

“அவங்க ஊட்டுக் கதவு சாத்துற சத்தம் அப்பவே கேட்டுருச்சு கண்ணு. நீ எப்பவோ நிறுத்தியிருக்கலாம்.”

அன்றைக்கு மூன்று இருபதுக்கு ஊரே இடம் மாறியது, பாப்பா மாறவில்லை. காய்ச்சல் போனது போனதுதான். எந்தக் கட்சி ஜெயித்ததென்று எனக்கு ஞாபகமில்லை, பாட் தோற்றது, மாமா லாரி விற்ற பணத்தில் முக்கால்வாசி போயிற்று.

பாப்பாவுக்குப் பால் வேண்டுமே. புதன்கிழமை காலை ஒன்பதே கால் தாண்டியதும் சுலோச்சனா பெரியம்மாவே பிள்ளையைத் தூக்கிவந்து அத்தை மடியில் கொடுத்தாள். அத்தை பால் கொடுத்தாள், குளிப்பாட்டினாள், சாம்பிராணி காட்டினாள், மை வைத்தாள். கொடுத்தது திரும்பும் என்பதுதானே சட்டம். மூன்று இருபதுக்குப் பாப்பா மை வைத்த முகத்தோடு எழுந்து ரோட்டைத் தாண்டிப் பட்டறை வீட்டுக்குப் போய்விட்டாள். மறுநாளும் அப்படி, அதற்கு மறுநாளும் அப்படி. ராத்திரிக்குப் புட்டிப்பால். சனிக்கிழமை அத்தை காலையிலிருந்து வாசலிலேயே நின்றாள். எதிர்வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. ஞாயிற்றுக்கிழமையும் சாத்தியிருந்தது. திங்கட்கிழமை, ஒன்பதே காலுக்குக் கதவு திறந்தது.

அத்தை கேட்கத்தான் செய்தாள். பெரியம்மா பாப்பாவின் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, “லீவு நாள்ல வேண்டாம் வசு. குடுத்தா நின்னுரும். நின்னா உம்புள்ள ஆயிரும். மறுக்கா காச்சல் வந்துருமோன்னு எனக்குப் பயம்” என்றாள். பொத்தானை அவள் ரொம்ப நேரம் போட்டாள். பயம் நிஜம்தான், அவள் கண்ணில் தண்ணீர் இருந்தது. ஆனால் அவள் வீட்டு வாசலில் அந்த வாரமே புதுத் தொட்டில் வந்து இறங்கியிருந்தது, பெயரும் அவளே வைத்துவிட்டாள், ராய்ப்பூருக்குப் போன் பண்ணி மகனிடம் உனக்குத் தங்கச்சி என்று சிரித்ததை நான் மதிலோரம் கேட்டேன். அது பயமா ஆசையா என்று டீக்கடையில் ஒருநாள் பேச்சு வந்தது. வந்த வேகத்தில் எல்லாரும் ரோட்டுப்பக்கம் திரும்பி மழை வருமா என்று பார்த்தார்கள்.

மாமாவுக்குத் தாமதமாகத்தான் கழுத்துத் திரும்பியது. ஒருநாள் காலை பதினொரு மணிக்குத் தலைக்குக் குளித்து, வேட்டி கட்டி, தேங்காய் பழத்தட்டோடு கோயிலுக்குப் போய், ஊரைக் கூட்டி, எம்பேருக்கே பண்ணிருங் என்று பூசாரியிடம் பேரும் நட்சத்திரமும் சொன்னார். விட்டதெல்லாம் என்னோடு போகட்டும், பகலில் கொடுத்தது பகலிலேயே நிற்கட்டும் என்றார். நல்ல காரியம் என்று ஊர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வசுமதி அத்தை பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு கூட்டத்தை விலக்கி வந்து, தட்டின்மேல் கையை வைத்து மூடினாள்.

“வேண்டாமுங்” என்றாள். “அது நின்னா, திங்கக்கெழமையும் எனக்கு ஞாயித்துக்கெழமை ஆயிரும்.”

திரும்பிப் போகும் என்கிற தைரியத்தில்தான் எதிர்வீட்டுக் கதவு திறக்கிறது. நிற்கும் என்றால் அது திறக்காது. இது அங்கே நின்ற எல்லாருக்கும் விளங்கியது. ஒருத்தராவது சுலோச்சனா பெரியம்மாவைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்வாரென்று நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனேன். ஒருத்தர் தூணைப் பார்த்தார், ஒருத்தர் மணியைப் பார்த்தார், கணக்கு டீச்சர் தன் கன்னத்தைத் தடவிக்கொண்டார், பூசாரி அம்மனையே பார்த்தார், அம்மன் மட்டும் நேராகப் பார்த்தாள், அவளுக்குத் திருப்பக் கழுத்தில்லை. மாமா தட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். சந்தை ஏறியது, இறங்கியது, பாட் வாங்கியது, விற்றது.

இப்போது பாப்பா நடக்கிறாள். ஒன்பதே காலுக்குப் பெரியம்மா அனுப்பிவைக்க, அவளே ரோட்டைத் தாண்டி வருகிறாள், லாரிகள் அவளுக்காக நிற்கின்றன. பெரியம்மாவை அம்மா என்கிறாள், அத்தையை வச்சு என்கிறாள். அழுகையும் மாறிவிட்டது, இப்போதெல்லாம் ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் அழுகிற மாதிரி வாயைக் கோணிக்கொண்டு ஓவென்று அழுகிறாள், அதைச் செய்துகாட்ட ஒரு திறமையும் வேண்டாம்.

போன வாரம் மகாராஷ்டிர தினம். ஊரெங்கும் கல்யாண மேளம், கறிவாசம், பட்டாசு. எதிர்வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. நான் புது மாப்பிள்ளை ஒருவருடைய தாய்மாமன் தும்முகிற தும்மலைப் பழகிக்கொண்டு மாமா வீட்டு வாசலைத் தாண்டும்போது அத்தை கூப்பிட்டாள். உள்ளே தொட்டில் இன்னும் அதே கொக்கியில்தான் தொங்கியது. அவள் காப்பி வேணுமா என்று கேட்கவில்லை, உட்காரச் சொல்லவில்லை.

“ரேடியோ,” என்றாள், “ஒருக்கா அழுது காட்டு.”

தொட்டிலுக்குப் பக்கத்தில், அன்றைக்கு உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்து ஆரம்பித்தேன். விக்கலும் பூனைக்குட்டியும், முடிகிற இடத்தில் மேலே போகிற அந்தக் கேள்வியும். உள்ளறையில் மாமா டி.வி.யின் சத்தத்தைக் குறைத்தார். எதிர்வீட்டில் யாரோ ஜன்னலையும் சாத்தினார்கள். அத்தை சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள், தோள் மெல்லத் தளர்ந்தது. திரும்பிப் பார்த்தால் காலித் தொட்டில் தெரிந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். இப்போது அவளுக்கும் அந்த வித்தை வந்துவிட்டது. அவள் திரும்பவில்லை, நானும் நிறுத்தவில்லை.